ஸ்கேன் படத்துக்கு வைத்த சந்தனம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். சாமி சம்பந்தப்பட்ட விஷயம். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஒரு வார்த்தை தப்பாக விழுந்தால் முருகனையே குறை சொன்னதாகிவிடுமோ என்ற பயம். இன்று அவனைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. மைசூர் விஜயநகர் பக்கம் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. நான் பூச்சு வேலைக்காரன். சீலிங் பூசும்போது சாரம் சரிந்து கீழே விழுந்தேன். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. வலது தோளில் வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கை காதுவரைகூட ஏறவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. டாக்டர் பெங்களூர் போய் காலுக்கும் தோளுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொன்னார். கை தலைக்கு மேல் போகாதவனுக்கு சீலிங் வேலை யார் கொடுப்பார்கள்? எனக்கு அது ஒன்றுதான் கவலை.

படங்களை வாங்கி வந்து சாமி அலமாரியில் வைத்தோம். பெரிய கறுப்பு ஷீட், அதில் கட்டம் கட்டமாகச் சின்னப் படங்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை. என் மனைவி சாமி படங்களைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தாள். அந்தக் கையோடு, நல்ல சேதி வரணும் என்று வேண்டிக்கொண்டு தோள் ஷீட்டுக்கும் வைத்திருக்கிறாள். எந்தக் கட்டத்தில் அடி இருக்கிறது என்று தெரியாததால் ஒன்றையும் விடவில்லை.

மச்சினன் தாங்கிப் பிடிக்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் முதலில் கால் படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார். எங்கு பார்த்தாலும் வெள்ளைத் திட்டு. கால் போயிற்று என்றே நினைத்தேன்.

“பயப்படாதீங்க. வெள்ளையா தெரியறது வீக்கத்து நீர். ஜவ்வு இழுத்திருக்கு, அறுந்து போகல. கட்டுப் போட்டா சேர்ந்துக்கும்.”

அடுத்தது தோள். கட்டத்துக்குக் கட்டம் உருண்டையாக இருட்டு. வெளிச்சம் சந்தனத்தைத் தாண்டி வரவில்லை.

“ஏனம்மா இது?” என்றார் கன்னடத்தில், என்னம்மா இது என்று.

“சந்தனம் சார். வெள்ளிக்கிழமையாச்சேன்னு…”

“கற்பூரம் காட்டலையாக்கா?” என்றான் மச்சினன்.

“தசையை எலும்போட சேர்க்கிற நார் கிழிஞ்சிருக்குன்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்காங்க,” என்றார் டாக்டர். “ஆனா எவ்வளவு கிழிஞ்சிருக்குன்னு நான் கண்ணால பாக்கணும். அப்பத்தான் ஆபரேஷன் வேணுமா, வேண்டாமான்னு சொல்ல முடியும்.”

பஞ்சை நனைத்து முதல் பொட்டைத் துடைத்தார். சந்தனத்தோடு படத்தின் கறுப்பும் உரிந்து வந்தது. அந்தக் கட்டம் போயிற்று. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் முருகா முருகா என்றேன். அவர் பஞ்சைப் பிழிந்துவிட்டு, குழந்தை முகத்தைத் துடைப்பதுபோல் அடுத்ததைத் தொட்டார். பொட்டு மெல்லக் கரைந்தது. கறுப்பு தங்கியது.

“பாருங்க. கயிறு மாதிரி கறுப்பா வருதே, அதுதான் நார். எலும்புல ஒட்டாம முன்னாலயே நின்னுடுச்சு. நடுவுல வெள்ளையா இருக்கறது, அந்தச் சந்துல நிக்கிற நீர். முழுசா அறுந்திருக்கு.”

“கை மேல போகுமா சார்?”

“இப்பத் தெச்சா எட்டும். தள்ளிப் போட்டா நார் சுருங்கிடும். அப்புறம் இழுத்தாலும் வராது.”

ஆபரேஷன் நடந்தது. மாசக்கணக்கில் பயிற்சி செய்து மறுபடி சீலிங் பூசினேன். டாக்டர் கை நடுங்காமல் துடைத்தது முருகன் செயல் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆனால் ஊர் வேறு மாதிரி பேசியது. சந்தனம் வைத்ததும் கிழிசல் மறைந்துவிட்டதாம், கத்தியே படவில்லையாம். கேட்டுச் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். பிறகொரு நாள் மூட்டை தூக்கும் ஒருவர் நஞ்சன்கூட்டிலிருந்து என் வீடு தேடி வந்தார். அவருக்கும் தோள்தான். டாக்டர் சொன்ன ஆபரேஷனை இவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கையிலிருந்த ஷீட் முழுக்கப் பொட்டு.

“நீங்க வெச்ச சந்தனம் எந்தக் கோயில்துங்கண்ணா? நானும் தினம் வைக்கிறேன், கை ஏற மாட்டேங்குதே.”

நான் சட்டையைக் கழற்றித் தையல் தழும்பைக் காட்டினேன். அவர் விரலால் அதைத் தடவிப் பார்த்தார். அன்றைக்கே அவரை என் டாக்டரிடம் அழைத்துப் போனேன். நார் சுருங்கிவிட்டது என்றார் டாக்டர்.

படிக்கிறவர்கள் இதைத் தாராளமாக நாலு பேரிடம் சொல்லுங்கள். வேண்டுதலையும் சொல்லுங்கள், தையலையும் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.