மாதப்பன் கேட்ட ஒரு வாரம்

வீட்டில் இன்று ஹுரளி சாறு. மைசூரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் கொள்ளு ரசம் என்று சொல்லவே வாய் மறந்துவிட்டது. கொள்ளு வேகும் வாசனைக்கு மற்றவர்களுக்குப் பசியெடுக்கும். எனக்குக் கழுத்தில் குதிரை மூச்சு படும். தட்டில் கை வைப்பதற்குள் அந்தப் பெண் டாக்டரின் போன். நாட்டு மட்டக்குதிரை இனத்தைக் காப்பாற்றக் கிளம்பியிருப்பவர். வாராவாரம் கூப்பிடுகிறார். எடுக்கவும் பயம், எடுக்காமலிருக்கவும் பயம்.

மாட்டாஸ்பத்திரியில் அட்டெண்டராகச் சேர்ந்த புதிதில் ஒட்டிக்கொண்ட வாசனை இது. குதிரை வண்டி ஓட்டும் டாங்காக்காரர்கள் தகர டப்பாவில் வெந்த கொள்ளோடு வருவார்கள். கயிற்றைப் பிடிப்பதுதான் என் வேலை. என்னையும் ‘டாக்டரே’ என்பார்கள், நானும் திருத்தமாட்டேன். அந்தப் பெருமையில் வாங்கிய உதைக்கு இடது முட்டி இன்றும் மழைக்கு முன்பே வலிக்கிறது.

அப்போது டாங்கா ஸ்டாண்டில் ஒரு சட்டம். காயடிக்காத ஆண் குதிரைக்கு அங்கே இடமில்லை. பெட்டையைக் கண்டால் முன்னங்காலைத் தூக்கும், சவாரி அலறும். நியாயம்தான். அடுத்த ஸ்டாண்டில் எவனாவது ஓர் ஆணை விட்டுவைத்திருப்பான் என்று எல்லா ஸ்டாண்டுக்காரர்களும் நினைத்தார்கள். ஒவ்வொன்றாகக் காயடிக்க ஓட்டி வந்தார்கள். ஒவ்வொன்றாகப் பிடித்தேன்.

கடைசியாக வந்தவர் மாதப்பன், ஹனூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய சின்னான் என் நெஞ்சு உயரம்கூட இல்லை. ஆனால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் மூச்சு வாங்காமல் போகும். ஸ்டாண்டில் கெடு வைத்துவிட்டார்களாம். ஆஸ்பத்திரி டாக்டரிடம் போகத் தயங்கி என்னிடம் வந்தார்.

“ஒரு வாரம் பொறுங்க டாக்டரே. கொள்ளேகாலத்துல ஒரு பெட்டை இருக்குதுங்க. அதோட சேத்துட்டு நானே கூட்டியாறனுங்க.”

அடுத்த வாரம் டாக்டர் லீவு. இன்றே முடித்தால் எனக்கு நல்ல பெயர். “ஊர்ல குதிரைக்கா பஞ்சம்? கட்டு மாதப்பா” என்றேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். சின்னானைக் கட்டினார். மரச்சட்டத்துக்குள் முன்னாலும் பின்னாலும் நகர முடியாத சின்னான் உதைக்கவில்லை. தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டது. அந்த மூச்சுதான் இன்னும் போகவில்லை.

சின்னான் செத்து, டாங்காவும் போய், மாதப்பன் வீட்டுத் தகரக் கொட்டகையில் இப்போது ஒரே ஒரு பெட்டை நிற்கிறதாம். “கலப்பே இல்ல சார். ஆனா வயசாகுது. ரெண்டு வருஷத்துல ஒரு ஆண் கிடைச்சாத்தான் உண்டு. ஸ்வல்ப யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் போனில் அந்தப் பெண் டாக்டர்.

என் நம்பரை யார் கொடுத்தார்கள் என்று இன்றுதான் கேட்டேன்.

“மாதப்பன்தான். எந்தக் குதிரை என்னாச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும், உங்களையே கேக்கச் சொன்னார்.”

விசாரிக்கிறேன் என்று வழக்கம்போலச் சொல்லி வைத்தேன். வெட்கமாக இருக்கிறது. ஸ்டேஷன், மார்க்கெட், அரண்மனை வாசல் என்று எல்லா ஸ்டாண்டையும் மனசுக்குள் சுற்றி வந்தேன். ஒவ்வொரு குதிரையும் நிறத்தோடு ஞாபகம் வருகிறது. நான் வராத நாளில் வந்து, அப்படியே திரும்பிப்போய் வம்சம் விட்ட ஒன்றாவது இருக்காதா என்று தேடுகிறேன். ஒருநாள்கூட லீவு போடாதவன் என்று அப்போது ஆஸ்பத்திரியில் எனக்குப் பெயர்.