ஆ எண்ணும் வேலை

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் பாட்டில் மூடி செய்கிறோம். கஸ்டமர்களோடு போனில் பேசுகிறவர்கள் எல்லோரும் சனிக்கிழமை சாயங்காலம் பேச்சு கிளப்புக்குப் போக வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது மற்றவர்கள் முனகினார்கள். நான் முனகவில்லை. பேச்சின் மேல் ஆசை ஒரு மண்ணும் கிடையாது. கிளப்புக்குப் போனால் கடம்பத்தூர் வீட்டுக்கு ஒரு ரயில் தாமதமாகப் போகலாம், அவ்வளவுதான்.

வீட்டில் அப்பா படுத்திருந்தார். நைனா என்றுதான் கூப்பிடுவோம். பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றையும் கொண்டுபோய்விட்டது. அதே எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்த மனிதர். காலை ரயிலில் அவர் பேச ஆரம்பித்தால் பெட்டியே கேட்கும். இழுத்து இழுத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. “இன்னாடா, வந்து வந்துன்ற? அதான் வந்துட்டியே, மேல சொல்லு” என்று பிடுங்குவார். அந்த வாயிலிருந்து ஒரு முனகல்கூட இல்லாமல் போனது.

“அவருக்கு எவ்ளோ புரியுதுன்னு சொல்ல முடியாதும்மா. நீங்க பேசிக்கினே இருங்க” என்றார் திருவள்ளூர் ஆஸ்பத்திரி டாக்டர். சொல்வது சுலபம். ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடக்கிறவரிடம் என்னத்தைப் பேசுவது?

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை, அதுதான் ஆச்சரியம். நான் மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு திரிகிறவள். கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, உள்ளே அப்படி இருந்தது. துடைத்தேன், துணி மாற்றினேன், ஊட்டினேன், பகலில் பார்த்துக்கொள்ளச் சொல்லி எதிர் வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன். “எப்படிம்மா சமாளிக்கிற?” என்று யாராவது கேட்டால் “பழகிடுச்சு” என்பேன்.

கிளப் நடப்பது எஸ்டேட் சங்கத்தின் மாடி ஹாலில். வாரத்துக்கு இரண்டு மூன்று பேர்தான் மேடைப் பேச்சு பேசுவார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பொறுப்பு. ஒருத்தர் டைமர். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அட்டை தூக்குவார். சிவப்பைத் தூக்குகிற அந்த நேரத்தில் அவர் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும், மாமனாரையே நிறுத்திவிட்ட மாதிரி. ஒருத்தர் இலக்கணம் பார்ப்பார். ஒருத்தர் பேச்சை மதிப்பிடுவார்; அதற்கு ஒரு முறை இருந்தது, முதலில் வெல்லம், நடுவில் வேப்பிலை, கடைசியில் மறுபடி வெல்லம். இன்னொருத்தர் ஆ கவுண்டர். பேசுகிறவர்கள் தடுமாறி ‘ஆ’, ‘வந்து’, ‘அதாவது’ என்று இழுக்கும்போதெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் ஒரு தட்டு தட்ட வேண்டும். முடிவில் யாருக்கு எத்தனை என்று எழுந்து வாசிக்க வேண்டும். வேறெதுவும் பேச வேண்டியதில்லை.

அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வாராவாரம் அதுவேதான். “மேடம், நீங்களும் ஒரு நாள் பேசணும்” என்பார் தலைவர். “ஆவட்டும் சார்” என்பேன். மேடையில் நின்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

எண்ணுவது எனக்கு நன்றாக வந்தது. ரொம்பவே நன்றாக. யார் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே காதில் விழாது. இடையில் விழுகிற ஓட்டைகள் மட்டும் விழும். ஒரு வாரம் ஸ்டோர்ஸில் வேலை செய்யும் ஒருவர் தன் அம்மா செத்துப்போனதைப் பேசினார். பக்கத்தில் இருந்த பெண் கர்ச்சீப்பை எடுத்தாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மூன்று இடத்தில் ணங் ணங் என்று தட்டினேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே, என் வேலை அதுதானே என்று தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து நைனாவுக்கு ஊட்டும்போது, டாக்டர் பேசச் சொன்னாரே என்று, அன்றைய கணக்கைச் சொல்வேன். “தலைவருக்கு ஏழு நைனா. இலக்கணம் பாக்குறவருக்கே ஒன்பது, அந்தக் கொடுமைய எங்க போய் சொல்ல?” அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார். டிவியில் விவாதம் ஓடும். பழக்க தோஷம், அதில் கத்துகிறவர்களுக்கும் நான் கஞ்சி ஸ்பூனால் டம்ளரில் தட்டிக்கொண்டிருப்பேன். தானாகச் சாப்பிடப் பழகட்டும் என்று அவருடைய நல்ல கையில், இடது கையில், ஒரு ஸ்பூனைத் திணித்து வைப்பேன். அது அப்படியே கிடக்கும்.

பிறகு எதிர் வீட்டு அக்கா, மகள் பிரசவத்துக்காகக் கும்மிடிப்பூண்டிக்குப் போகப்போவதாகச் சொன்னார். வர மூன்று மாதமாகுமாம். அண்ணனுக்குப் போன் செய்தேன். திருநின்றவூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறான், லிஃப்ட் கிடையாது, அண்ணியும் வேலைக்குப் போகிறாள். அவன் கெட்டவன் இல்லை. பூந்தமல்லிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

“அங்க நல்லா பாத்துக்குறாங்க. இங்க இருந்தாலும் அவருக்கு நாம யாருன்னா தெரியுது? செவுரும் ஒண்ணு, நாமளும் ஒண்ணு. இன்னா சொல்ற?”

“சரிண்ணா” என்றேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அங்கே போனால் திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இருந்தும் சரி என்றுதான் வாயில் வந்தது. லுங்கிகள், போர்வை, மாத்திரை எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்தேன். கை பாட்டுக்கு மடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் கார் வைத்துக்கொண்டு வந்தான். டிரைவரைத் தெருமுனையில் நிற்கச் சொல்லியிருந்தான். நான் நைனாவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இடது கையில் வழக்கம்போல ஸ்பூன், பக்கத்து ஸ்டூலில் தண்ணீர் டம்ளர்.

“நீயே அவருகிட்ட சொல்லிடுண்ணா” என்றேன்.

“புரியாதவருகிட்ட இன்னாத்த சொல்றது?”

“பரவால்ல, சொல்லு. நாளைக்கு மனசு கேக்காது.”

அவன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். “நைனா... ஆ... உன்ன ஒரு எடத்துக்கு இட்டுனு போறோம்.”

ணங்.

ஸ்பூன் நழுவி டம்ளரில் பட்டது என்று நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருப்பான். “அங்க உனக்கு... வந்து... டாக்டரு கீறாரு, நர்ஸ் கீறாங்க.”

ணங்.

என் கை பாதி வழியில் நின்றது. “நானும் தங்கச்சியும் வாரம் வாரம் வந்து பாப்போம்” என்று அடுத்ததைத் தடுமாறாமல் சொன்னான். அதிலும் ஒரு ‘வந்து’ இருந்தது. ஆனால் அது இழுவை இல்லை, வார்த்தை. சத்தம் வரவில்லை. “அதாவது... கொஞ்ச நாளிக்குதான்... அதாவது...” என்றான்.

ணங். ணங்.

கிளப்பில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் எந்த ‘வந்து’வுக்குத் தட்டுவது, எதற்குத் தட்டாமல் விடுவது என்று தெரியாமல் திணறுவார்கள். எனக்கே ஒரு மாதம் பிடித்தது. இவர் ஒன்றைக்கூடத் தப்பாகத் தட்டவில்லை. நைனா ஃபேனைப் பார்க்கவில்லை. அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பண்றாரு?” என்றான் அண்ணன்.

“எண்றாரு.”

“இன்னாத்த எண்றாரு?”

“உன்னத்தான்ண்ணா” என்றேன். அத்தனை மாதமும் எங்கே போயிருந்ததோ, அழுகை மொத்தமாக வந்தது. கஞ்சிக் கிண்ணத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, நைனாவின் செத்த கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். வாராவாரம் நான் சொன்ன கணக்கை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். பூந்தமல்லியைப் பற்றிப் பேசியதையும் கேட்டிருப்பார். அதை நினைக்க நினைக்க இன்னும் அழுகை வந்தது.

அண்ணன் எழுந்து ஜன்னலோரம் போனான். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிரைவருக்குப் போன் போட்டான்.

“அண்ணே, ஆ... இன்னிக்கி வேணாண்ணே. வந்து... நீங்க கெளம்புங்க.”

ணங். ணங்.