தைக்கிறவர்கள் எழ வேண்டாம்

எங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் யாரும் தொட விரும்பாத வேலைக்குக் 'கூடுதல் பொறுப்பு' என்று பெயர். எனக்கு வாய்த்த கூடுதல் பொறுப்பு பேரிடர். வீட்டு வரியும் கட்டட அனுமதியும் ஆளுக்கொன்றாக ஆண்களுக்குப் போய்விட்டன. மிச்சமிருந்த வெள்ளமும் தீயும் என் தலையில் விழுந்தன.

பயிற்சிக்கு அனுப்பினார்கள். திருப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள். முதல் நாள் முற்பகல் முழுக்கக் குத்துவிளக்கிலேயே கழிந்தது. மறுநாள் தகரத் தட்டில் டீசல் ஊற்றிப் பற்றவைத்து அணைத்துக் காட்டுவதாக இருந்தது. ஆனால் சிறப்பு விருந்தினர் வரும்வரை பற்றவைக்கக் கூடாது என்று உத்தரவு. ஆளுக்காகக் காத்திருந்த நெருப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர் வந்தார், அணைத்தார், போட்டோ சரியாக விழவில்லை என்றார்கள், மறுபடி பற்றவைத்து மறுபடி அணைத்தார். ஸ்ட்ரெச்சர் தூக்கும் பயிற்சியில் காயம்பட்டவராகப் படுக்க எல்லாக் குழுக்களும் ஒரே ஆளைத்தான் கேட்டன. பல்லடத்திலிருந்து வந்திருந்த ஒல்லிக் கிளார்க் ஒருவர். அன்று சாயங்காலம் வரை அந்த மனுஷனைத் தரையில் நடக்க விடவில்லை. கடைசியில் ஆளுக்கொரு ஆரஞ்சு ஜாக்கெட்டும் விசிலும் சான்றிதழும் கொடுத்தார்கள். ஜாக்கெட்டை உறை பிரிக்காமல் பீரோவில் வைக்கச் சொன்னார் எங்கள் அதிகாரி. அழுக்காகிவிட்டால் ஆய்வுக்கு வருகிறவர்களிடம் எதைக் காட்டுவது என்பது அவர் கவலை.

இந்தத் தகுதியோடு நான் பனியன் கம்பெனிகளுக்குத் தீ ஒத்திகை நடத்தப் போனேன். முதலிபாளையம் பக்கம் பாதிக் கம்பெனிகளில் என் விசில் சத்தம் கேட்டிருக்கும். கம்பெனிக்காரர்களுக்கு ஒத்திகை என்றால் கசப்பு மருந்து மாதிரி. ஆனால் வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவன் ஒத்திகை போட்டோ கேட்கிறான், வேறு வழியில்லை. அதனால் அவர்களே ஒரு வழக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சைரன் அடித்ததும் ஆபீஸ்காரர்களும் பேக்கிங்கில் இருக்கிற பெண்களும் மட்டும் வரிசையாக இறங்கி முற்றத்துக்கு வருவார்கள். மாடியில் தைக்கிறவர்கள் வர மாட்டார்கள். அவர்கள் கான்ட்ராக்டில் பீஸ் கணக்குக்குத் தைக்கிறவர்கள். அவர்களை எழுப்பினால் அரை மணி நேர உற்பத்தி போய்விடுமாம்.

நான் சொல்ல வந்த அந்தக் கம்பெனியிலும் அப்படித்தான். மேனேஜர் என்னிடம் மைக்கை நீட்டிக்கொண்டே சொன்னார்: "மேடம், தைக்கிறவிங்க உக்காந்தே இருக்கட்டுமுங்க. ஷிப்மென்ட் நிக்குதுங்க. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, நாங்க சொன்னா அப்பறம் குத்தம்னு பேசுவாங்க."

நான் மறுக்கவில்லை. கேள்விகூடக் கேட்கவில்லை. மைக்கை வாங்கி, "தைக்கிறவங்க யாரும் எந்திரிக்க வேண்டாங்க" என்று எனக்குத் தெரிந்த தமிழிலும், வடக்கேயிருந்து வந்து தைக்கிறவர்களுக்காகப் பயிற்சியில் கற்ற நாலு வார்த்தை இந்தியிலும் சொன்னேன். அந்த இந்தியைக் கேட்டு மேனேஜர் மெச்சிக்கொண்டார். எனக்கும் பெருமையாக இருந்ததை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

திரும்பும்போது மாடிப்படியில் ஒரு அக்கா எதிரே வந்தார். தெற்கத்திப் பக்கத்துக்காரர், ஓவர்லாக் தைக்கிறவர், தோளில் நூல் பிசிர் ஒட்டியிருந்தது. "எங்களுக்கு எப்ப மேடம் சொல்லிக் குடுப்பீக?" என்றார். அடுத்த தடவை என்றேன். அரசாங்கத்தில் அடுத்த தடவை என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. சிரித்துவிட்டுப் போனார். அப்படி மூன்று தடவை அந்தக் கம்பெனியில் ஒத்திகை நடத்தினேன். மூன்று தடவையும் மைக்கில் அதையேதான் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் காலை பதினொரு மணி வாக்கில், ஒத்திகைப் படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதை வாங்க அங்கே போயிருந்தேன். மேனேஜர் டீ சொல்லியிருந்தார். டீ வருவதற்குள் சைரன் அடித்தது. மாடிப்படிக்கு அடியில் மூட்டை மூட்டையாகக் குவித்து வைத்திருந்த கட்டிங் வேஸ்ட் துணி புகைந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே மின்சாரப் பலகை. அங்கே மூட்டை வைக்கக் கூடாது என்று போர்டு இருந்தது, மூட்டைக்குப் பின்னால்.

ஆபீஸ்காரர்கள் இறங்கினார்கள். என்ன ஒழுங்கு! முட்டிக்கொள்ளவில்லை, ஓடவில்லை, நான் கற்றுக்கொடுத்தபடியே ஒருவர் பின் ஒருவராக வந்து முற்றத்தில் நின்றார்கள். மேனேஜர் பேர் வாசித்தார். "முப்பத்திரண்டு பேரும் வந்தாச்சுங்க மேடம்" என்றார். யாரோ கை தட்டினார்கள். நானும் தலையாட்டினேன். எல்லோரும் வந்தாயிற்று என்றுதான் நானும் நினைத்தேன், சத்தியமாக.

அப்போதுதான் மேலே மிஷின் ஓடுகிற சத்தம் காதில் விழுந்தது.

சைரன் ஒரு பக்கம் அலறுகிறது. அதற்குக் கீழே மாடியில் ஓவர்லாக் மிஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கின்றன. மறுபக்கத்து இரும்புப் படியில் ஏறி ஓடினேன். ஹாலில் ஓர் ஓரம் புகை சூழ்ந்திருந்தது. சிலர் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார்கள். எந்திரிங்க, எந்திரிங்க என்று கத்தினேன். என்னைப் பார்த்தார்கள், எழவில்லை. அந்த அக்காதான் பெடலிலிருந்து காலை எடுக்காமல் கேட்டார்:

"நீங்கதான மேடம் எந்திரிக்க வேணாம்பீக?"

நிஜம் என்றேன், தீ என்றேன், எழுந்தார்கள். அந்த அக்காவே இந்தியில் நாலு அதட்டு அதட்டினார். என் இந்தியைவிட நல்ல இந்தி. எல்லோரையும் இரும்புப் படி வழியாக இறக்கினோம். மேலே போகும்போது என் விசில் கழுத்தில்தான் தொங்கியது. ஊத வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

முற்றத்தில் நின்று, மேலே மொத்தம் எத்தனை பேர் என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "அது கான்ட்ராக்டருக்குத்தானுங்க தெரியும். அவிங்க பேரு நம்ம லிஸ்ட்டுல வராதுங்க." கான்ட்ராக்டர் கோயமுத்தூர் போயிருந்தார். முப்பத்திரண்டு பேரை மூன்று தடவை எண்ணிப் பழகிய அந்தக் காகிதம் அவர் கையில் படபடத்தது. பிடுங்கிக் கிழிக்க வேண்டும்போல இருந்தது எனக்கு. ஆனால் அதன் அடியில் இருந்தது என் கையெழுத்து.

அந்த அக்கா எங்களைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மிஷின் வரிசையை மனதில் வைத்து ஆட்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஏழாவது மிஷினுக்கு வந்ததும் எண்ணிக்கை நின்றது. "அந்த ஒரிசாப் புள்ள எங்க? கக்கூசுக்குப் போனாளே!" அடுத்த நொடி இரும்புப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். புகை அந்தப் பக்கமும் வந்துவிட்டிருந்தது.

நான் போகவில்லை. பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், மீட்பவர் தன் பாதுகாப்பை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று. மூன்று நாளில் என் மண்டையில் ஏறியிருந்தது அது ஒன்றுதான். மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாமி கும்பிட்டேனா என்று ஞாபகமில்லை. மேனேஜர் யாருக்கோ போன் போட்டு, "ஒண்ணுமில்லீங்க, சின்னப் புகைதானுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டு அக்கா இறங்கி வந்தார். பெண்ணுக்கு நினைவு இருந்தது. அக்காதான் முற்றத்து மண்ணில் உட்கார்ந்து குடலைப் பிடுங்குகிறமாதிரி இருமினார். முகமும் தலைமுடியும் கரி. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், வாய்க்குள் போகவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. இறங்கிய அலுவலர் கூட்டத்தைப் பார்த்து, "இங்க பயிற்சி எடுத்தவங்க யாரு?" என்று கேட்டார்.

முப்பத்திரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மண்ணில் உட்கார்ந்திருந்த அந்த அக்காவும் பார்த்தார்.

நான் கையைத் தூக்கினேன்.