என் கணவரின் மரணத்தில் மர்மம் இல்லை

2011 சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப்பதிவு முடிந்த பிறகு, எண்ணிக்கைக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஒரு மாதத்துக்குள்தான் இது நடந்தது. அப்போது நாங்கள் சிதம்பரத்தில் குடியிருந்தோம். என் கணவர் பல்கலைக்கழகம் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். நான் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். ஒரே மகள், ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு கட்சியில் இருந்தார். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். பதவி கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் பூத் ஏஜென்டாக உட்காருவார், அவ்வளவுதான். அவருடைய பள்ளித் தோழர் ஒருவர் எதிர் அணியில் இருந்தார். மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் அவரை அண்ணன் என்பேன். டீக்கடையில் கட்சிக்காகத் தொண்டை வற்றச் சண்டை போட்டுவிட்டு ஒரே வண்டியில் வீடு திரும்புவார்கள். ஓட்டுப்பதிவு அன்றும் ஒரே பூத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, நான் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் ஊரெல்லாம் ஒரே பேச்சு. இயந்திரத்தை மாற்றிவிட்டார்களாம், எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒரே சின்னத்தில்தான் விழுந்ததாம், எங்கேயோ உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டரில் ஓட்டை மாற்றலாமாம். இரண்டு கட்சிக்காரர்களும் இதையே சொன்னார்கள். டிவியில் ராத்திரி ராத்திரி யாராவது வந்து விளக்கினார்கள். என் கணவர் கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

"மெஷின் சீலு மேல கையெழுத்துப் போட்டது நானும் மச்சானும். எங்க ரெண்டு பேரு கோழிக் கிறுக்கலையும் ஒருத்தன் போடணும்னா, அவன் எங்க கூட ஒண்ணாவதுலேர்ந்து படிச்சிருக்கணும்" என்றார்.

ஆனால் கட்சி சொன்னால் போக வேண்டும் அல்லவா? கடலூரில் இயந்திரங்கள் வைத்திருந்த கல்லூரிக்கு வெளியே பந்தல் போட்டுக் காவல் இருந்தார்கள். அங்கே ஆள் போதவில்லை என்று எங்கள் ஊரிலிருந்தும் முறை வைத்துக் கூப்பிட்டார்கள். இவர் ராத்திரி முழுக்க அங்கே விழித்திருந்துவிட்டு, காலையில் வந்து கடை திறப்பார். பரீட்சை நேரம். பிள்ளைகள் நோட்ஸ் எடுக்க வரிசையில் நிற்பார்கள். பகலிலும் தூக்கம் இல்லை. கண் இரண்டும் சிவந்து கிடக்கும். "நம்பாத விஷயத்துக்கு எதுக்குங்க காவல்?" என்று கேட்டேன். "நம்பலன்னு சொன்னா துரோகிம்பாங்க. இன்னும் கொஞ்ச நாள்தான், வுடு" என்றார்.

அப்படி ஒரு காலை, கிளம்புகிறேன் என்று எனக்குப் போன் செய்துவிட்டுத் திரும்பி வரும்போதுதான், சிப்காட்டைத் தாண்டி, புதுச்சத்திரத்துக்கு முன்னால், வண்டியோடு விழுந்தார். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் கூடிய கூட்டத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. மைக்செட் அண்ணன் மாலையோடு வந்தார், கட்சிக்காரர்கள் உள்ளே விடவில்லை என்று மட்டும் என் அக்கா சொன்னாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் தெரு முனையில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். எங்கள் கல்யாணத்தில் எடுத்த என் கணவரின் போட்டோ, அதன் மேல் கொட்டை எழுத்தில் 'மர்ம மரணம்'. இயந்திரத்தை மாற்றியதை இவர் கண்ணால் பார்த்துவிட்டாராம். அதனால் லாரியை விட்டு அடித்துவிட்டார்களாம். கடைசியாக அவர் செல்லுக்கு வந்த போன் மைக்செட் அண்ணனுடையது. இவர் எங்கே வருகிறார் என்று கேட்டு லாரிக்காரனுக்குச் சொன்னது அந்த ஆள்தான் என்றார்கள். ஒரு டிவியிலிருந்து ஆட்கள் வந்து எங்கள் வாசலைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்து யார் யாரோ கருத்துச் சொன்னார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், ஓரிரு நாள் எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. அழுதுகொண்டே இருந்தவளுக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைத்தார். வெறுமனே விழுந்து செத்தார் என்பதைவிட, ஏதோ பெரிய காரணத்துக்காகச் செத்தார் என்பது நெஞ்சுக்கு லேசாக இருந்தது.

பிறகு மைக்செட் கடையை அடித்து நொறுக்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். பெரிய பெரிய ஸ்பீக்கர்களைத் தெருவில் இழுத்துப் போட்டுக் கிழித்திருக்கிறார்கள். அண்ணனைப் போலீசில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கடைத்தெருவில் போனதை அக்கா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அண்ணன் எதற்குப் போன் செய்தார் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது; அன்றுதான் அது எனக்குள் உறுத்தியது.

என் கணவருடைய செருப்பையும் கைக்கடிகாரத்தையும் கொடுத்த போலீஸ்காரர், ரோட்டோரம் நுங்கு விற்கிற அம்மா ஒருவர்தான் ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார் என்று சொல்லியிருந்தார். நன்றியாவது சொல்லிவிட்டு வருவோம் என்று அக்காவோடு பஸ்ஸில் போனேன். அந்த அம்மா முன்பு உட்கார்ந்த இடத்தில் இல்லை. விசாரித்து வீட்டில் போய்ப் பார்த்தோம். நான் யாரென்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த வண்டியும் மோதலம்மா. தானா ஓரமா சாஞ்சிக்கினே வந்து மதகுக் கட்டைல மோதிட்டாரு. ஓடிப் போயி மடில படுக்க வெச்சி தண்ணி குடுத்தேன். தூங்கிட்டேன் போல இருக்குக்கான்னாரு. வீட்ல சொல்லாதீங்க, அவ பயந்துடுவான்னாரு. அப்பறம் பேசல."

அந்தக் குடிசையில் எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. இதைப் போலீசில் சொன்னீர்களா என்று அக்கா கேட்டாள்.

"அன்னிக்கே சொன்னேன். அப்பறம் கட்சிக்காரங்க கார்ல வந்தாங்க. லாரி இன்னா கலருன்னு கேட்டாங்க. லாரியே வரலீங்கன்னேன். நல்லா யோசிச்சு சொல்லுன்னாங்க. அதுலேர்ந்து அங்க கடை போடறதில்ல."

வீட்டுக்கு வந்து அவருடைய கட்சிக்காரர்களிடம் சொன்னேன். வட்டத்தில் பொறுப்பில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். "அந்தம்மாவ மெரட்டி வெச்சிருக்காங்க, உனக்குத் தெரியாதும்மா. நீ பேசாம இரு. உம் பொண்ணு படிப்ப நாங்க பாத்துக்கறோம்" என்றார். லாரி இல்லை என்று சொன்னாலும் அதுவும் சதியாகிவிடுகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி கொண்டுவருவது?

காரியத்தன்று மண்டபத்தில் படத்திறப்பு வைத்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து சதி, சதி என்று பேசினார்கள். ஒருவர் மைக்செட் அண்ணன் பேரையே சொல்லி, "அவன் இந்த ஊர்ல நடமாடறானே" என்றார். பின்வரிசைப் பையன்கள் எழுந்து நின்றார்கள். மாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. மைக்கைப் பிடித்தேன்.

"அவரை யாரும் கொல்லல. தூக்கம் இல்லாம வண்டி ஓட்டினாரு, விழுந்துட்டாரு. அண்ணன் போன் பண்ணது, மச்சான் ராத்திரி முழுக்க முழிச்சிருக்க, கண்ணு சொருகும் உனக்கு, வண்டிய அங்கயே போட்டுட்டு பஸ்ல வான்னு சொல்றதுக்கு. அவரே அதை என்கிட்ட போன்ல சொன்னாரு. கடை தொறக்கணும்னு கேக்காம வந்துட்டாரு. தயவுசெஞ்சு அவர் பேரச் சொல்லி யாரையும் அடிக்காதீங்க."

நாற்காலிகள் நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. சாப்பாட்டுப் பந்தியில் பாதிப் பேர் இல்லை. "விலை போயிட்டா" என்று ஒரு பெண் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றோடு கட்சிக்காரர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவது நின்றுபோனது. நான் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். நுங்கு விற்கிற அம்மாவும் பயந்து பயந்து வந்து திரும்பவும் சொன்னார். போலீசார் அண்ணனைக் கூப்பிடுவதை விட்டார்கள்.

ஓட்டு எண்ணினார்கள். சீல் எல்லாம் அப்படியே இருந்ததாம். ஜெயித்தவர்கள் அன்று மத்தியானத்தோடு இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். தோற்றவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். போஸ்டர் மட்டும் மழையில் நனைந்து உரிகிற வரை அந்தச் சுவரில் இருந்தது.

அண்ணனுக்கு அதன் பிறகு யாரும் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ மைக்செட் சொல்லவில்லை. மிச்சம் இருந்ததை விற்றுவிட்டு, மனைவியின் ஊரான திட்டக்குடிக்கே போய்விடுவதாகச் சொல்ல வந்தார். என் கணவரின் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"நீ சொன்னதே போதும்மா. ஆனா டீக்கடைக்குப் போனா பேச்ச நிறுத்திடறாங்க. நெருப்பில்லாம புகையுமாங்கறாங்க. மச்சான் இருந்திருந்தா சிரிச்சிருப்பான்" என்றார். நான் கொடுத்த காப்பியைக் குடிக்க முடியாமல் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் என் மகள் பள்ளியிலிருந்து வந்து கேட்டாள்: "அப்பாவ கொன்னுட்டாங்களாமே, நீ காசு வாங்கிக்கிட்டு மறைச்சிட்டியாமே, நெஜமாம்மா?" பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "சும்மா தூங்கிட்டாராம்மா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அவளுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கும்தான்.

இப்போதும் யாராவது டிவியில் உட்கார்ந்து ஏதாவது ஒரு சாவுக்குப் பின்னால் பெரிய சதி இருப்பதாக அடித்துப் பேசினால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். களைத்துப்போன ஒரு மனுஷன் களைப்பால் செத்தான் என்பதை நம்பக்கூட இந்த ஊருக்கு மனசு வரவில்லையே என்ற துக்கம், அவர் போன துக்கத்தோடு சேர்ந்து எனக்குள் அப்படியே இருக்கிறது.