நாச்சியாபுரத்து வீட்டில் ஜப்பான் இடிசாமி

சென்ற மாதம் நாச்சியாபுரத்தில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். முகப்புச் சுவரில் ஜப்பானிலிருந்து வந்த பீங்கான் ஓடு ஒன்று இருக்கிறது. அதில் கொம்பும் கோரைப் பல்லுமாக ஓர் உருவம், முதுகுக்குப் பின்னால் வட்டமாக மேளங்கள். வழிகாட்டி அதை இராவணன் என்றார்.

"ராவணனுக்குத் தலை பத்து. இங்க தலை ஒண்ணு, மேளம் எட்டு. இது ரைஜின், ஜப்பான்காரங்க இடிசாமி" என்றேன்.

"ஐயா என்ன படிச்சிருக்கீக?" என்று கூட்டத்துக்கு முன்னால் கேட்டார்.

எட்டாம் வகுப்பு என்றேன். மற்றதெல்லாம் நூலகத்தில் நானாகப் படித்தது. எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் கல்யாணம் வருகிறது, அரக்கன் முகம் ஆகாது, அடுத்த புதன்கிழமை கொத்தனார் பெயர்த்துவிடுவார் என்றும் சொன்னார்.

அந்தப் புதன்கிழமை மறுபடியும் கிளம்பினேன். சிங்கம்புணரியில் காலை 6:40-க்குப் பேருந்து. திருப்பத்தூரில் மாறி, 8:15-க்கு நாச்சியாபுரம். வீடு அரை கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் நாற்பது ரூபாய் கேட்டார். நடந்தேன். என் முழங்கால் வலி அவருக்கு லாபமாகக் கூடாது.

கொத்தனார் உளியோடு நின்றிருந்தார். அந்தப் பீங்கான் ஓட்டை மறைத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். வீட்டுக்கார ஆச்சி வந்தார்.

"என்னண்ணே, இங்குட்டு மறிச்சுக்கிட்டு நிக்கிறீக? கல்யாண வீட்டுல கொம்பும் பல்லுமா ஒரு மூஞ்சி இருக்கலாமா?"

"ஒங்க கோயில் வைரவருக்குப் பல்லு இல்லையா ஆச்சி? அவுக என்ன சிரிச்சுக்கிட்டா இருக்காக?"

"வைரவரும் இதுவும் ஒண்ணா?" என்றார் வழிகாட்டி.

அவரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. "இடி இடிச்சா நம்ம பிள்ளைக 'அர்ச்சுனா, அர்ச்சுனா'ங்கும். ஜப்பான்ல பிள்ளைக, இந்த இடிசாமி பறிச்சுட்டுப் போயிருவாருன்னு தொப்புளப் பொத்திக்கிரும். ஆனா மின்னல் வெட்டுனாத்தான் நெல்லு பால் பிடிக்கும்னு அங்க வெள்ளாமை பண்ற சம்சாரிக கும்பிடுவாக. இடிச்சத்தமே இவரு மேளந்தான்."

ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு, மேளங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். எட்டு.

"கொத்தனாரே, உளியப் பைக்குள்ள வையிங்க. மேளத்தோட வந்து நிக்கிற சாமிய எந்தக் கல்யாண வீட்டுல வெளிய அனுப்புவாக?"

ஓடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. வானம் பார்த்த பூமியில் இருந்துகொண்டு இடிசாமியைப் பெயர்க்க நான் என்றைக்கும் சம்மதிக்க மாட்டேன்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: நேரம் காலை 9 முதல் மாலை 5, கட்டணம் ஐம்பது ரூபாய். காலை வெயிலில் மேளங்கள் நன்றாகத் தெரியும். வழிகாட்டி இன்னமும் இராவணன் என்றுதான் சொல்கிறாராம். மற்ற ஒன்பது தலை எங்கே என்று கேளுங்கள். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டால், பத்து வரைக்கும் எண்ணத் தெரியும் என்று சொல்லுங்கள்.