தேவதையின் இறக்கை

கத்திரி முடிந்தும் வெயில் தணியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. காட்டுப்பாக்கத்தில் குடியிருக்கும் நான், லீவு நாட்களில் பூங்கா, சிலை, பழைய கல்லறை என்று தேடிப் போய்ப் படம் எடுப்பேன். அன்று பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன்.

சின்னக் கல்லறை ஒன்றின் மேல் சிமென்ட் தேவதை ஒன்று நின்றது. அதன் முகத்தை அருகிலிருந்து எடுக்க ஆசைப்பட்டுக் கல்லறை மேலேயே ஏறினேன். கால் வழுக்க, இறக்கையைப் பிடித்தேன். அது கையோடு வந்துவிட்டது. விழுந்து எழுவதற்குள், பூவும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு பெண் எதிரே நின்றார்.

"இன்னாப்பா ஆச்சு?"

"நான் வரும்போதே உடைஞ்சுதான் இருந்துச்சுக்கா."

அவர் குனிந்து இறக்கையை எடுத்தார். "நேத்து சாயங்காலம் நான்தான் பெயிண்ட் அட்ச்சிட்டுப் போனேன். இது எம் பொண்ணுப்பா."

ஓடிவிடலாமா என்று கேட்டைப் பார்த்தேன். கத்தி ஆட்களைக் கூப்பிடுவார் என்று பயந்தேன். அவரோ என் கையைப் பார்த்தார்.

"ரத்தம் வந்துகினு கீதே. நீட்டு."

பூவுக்குக் கொண்டுவந்த தண்ணீரை என் உள்ளங்கையில் ஊற்றினார்.

"நான்தான்க்கா உடைச்சேன்."

"தெரியும்பா. சட்டையெல்லாம் பெயிண்ட் ஒட்டிக்கினு கீது."

மறுவாரம் கொத்தனாரோடு போய் இறக்கையை ஒட்டவைத்தேன். அந்த அக்கா அன்று திட்டியிருந்தால், நான் சொன்ன பொய்யை என்றைக்கோ மறந்திருப்பேன்.