தட்டிப் பார்க்காத பொல்லு

சிங்கப்பூரில் நான் இருக்கும் தெருவில் மாலையானால் சாப்பாடு தட்டிக்கொண்டு வருகிறது. 'மீ' நூடுல்ஸ் விற்கும் சீனர் இரண்டு மூங்கில் துண்டுகளை டொக் டொக்கென்று அடித்தபடி முன்னே நடப்பார். வண்டி பின்னே வரும். வந்த புதிதில் அந்தச் சத்தத்துக்குக் கால் தானாக எழும்ப, மாடியிலிருந்து வாசலுக்கு ஓடினேன். கோப்பையை நீட்டினார். நமக்கு ஆகாத பன்றி இறைச்சி, கையசைத்தேன். உறைப்புத்தான் பிடிக்கவில்லையாக்கும் என்று, மிளகாயை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மறுபடி நீட்டினார். இன்றுவரை அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம்.

என் காலைப் பழக்கியவர் கல்முனையில் எங்கள் பொல்லடி அண்ணாவியார். கலியாணமோ பெருநாளோ, வட்டமாய்ச் சுற்றிக் கோலாட்டம்போல் பொல்லோடு பொல்லு அடித்து ஆடுகிறவர்கள் அவருடைய ஆட்கள்தான். பொல்லைக் கண்ணால் எடுக்காதே, தட்டிக் காதால் எடு என்பார். ஜப்பான்காரன் போனபின் சிங்கப்பூருக்குக் கப்பலேறிய நான், அவருக்கு ஊர் கூடித் தலைப்பாகை கட்டிக் கௌரவிக்கப்போகிறது என்றறிந்து லீவு கேட்டேன். அன்றைய ஆட்டத்துக்குப் பொல்லு என் பொறுப்பு என்று நானாகவே எழுதியும் போட்டேன். அவருக்குக் கை நடுங்குகிறதாம். பாரமில்லாமல் இருக்கட்டும் என்று இங்கே ஒரு கடையில் மெருகு போட்ட பிரம்பு பார்த்தேன். கடைக்காரர் 'சூபா, சூபா' என்று மலாயில் அடித்துப் பார்க்கச் சொன்னார். கடை நிறைய ஆட்கள். கூத்தாடி என்று நினைப்பார்களே என்று, வேண்டாமெனத் தலையை ஆட்டினேன். பிடிக்கவில்லை என்று எண்ணி இன்னும் மினுங்குவதாக எடுத்து வந்தார். அப்படியே கட்டச் சொல்லிவிட்டேன்.

கல்முனைக் கடற்கரை மணலில் ஊரே கூடியிருந்தது. முதல் அடி விழுந்தது. சத்தமே இல்லை, தலையணையில் தட்டினதுபோல. அடி கேட்டுத்தான் கால் மாற்ற வேண்டும். ஆட்கள் ஒருவரோடொருவர் முட்டினார்கள்.

"என்னடா மச்சான், பொல்லு கதைக்குதில்ல?" என்றான் என் சோடிக்காரன்.

"சிங்கப்பூர்ப் பொல்லுக்குத் தொண்டக்கட்டாக்கும்," என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

நடுவில் நின்ற அண்ணாவியார் மட்டும் சிரிக்கவில்லை. கைப்பொல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாளத்தை ஓங்கி அடித்து, பொல்லு விழவேண்டிய இடமெல்லாம் தன் குரலைப் போட்டுப் பாடினார். கடைசிப் பாட்டில் அந்தக் குரலும் உடைந்தது. தலைப்பாகை கட்டியபோது நன்றி சொல்லக்கூட அவருக்குச் சத்தம் வரவில்லை.

மறுநாள் பயணம் சொல்லப் போனேன்.

"பாரமில்லாத பொல்லு மகன். என்ட கைக்குத் தோதா இரிக்கி," என்றார், கரகரத்த குரலில். "கடையில தட்டிப் பாத்தாயா?"

"ஓம்," என்றேன்.

அவர் உள்ளே போய்த் தன் பழைய சோடிப் பொல்லில் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "இனி எடுக்கக்குள்ள இதோட தட்டிப் பாரு. மத்தது எனக்கிட்டக் கிடக்கட்டும்."

சுங்கத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதிகாரி கைத்தடியா என்று சைகையால் கேட்டார். அதற்கும் ஓம் என்றே தலையாட்டினேன்.

இப்போதும் மாலையில் மூங்கில் சத்தம் வருகிறது. வாசலுக்குப் போவதில்லை. சன்னல் பலகையைச் சாத்திவிட்டுப் பொல்லைக் கையில் எடுக்கிறேன். வலக்கை உயர்கிறது, இடக்கையில் ஒன்றுமில்லை. நான் வீசி நிறுத்தும் இடத்தில், கீழே தெருவில், அந்தச் சீனரின் அடி விழுகிறது.